கறுப்பு போற வரைக்கும்

அந்தக் கன்னைக் கீழ வைக்காதீங்க தம்பி. வளைவுல பஸ் திரும்புறப்ப சாஞ்சு விழுந்துரும். இங்க குடுங்க, ஜன்னல் ஓரமா நான் பிடிச்சுக்கறேன். கொய்யாதானே? இலையைத் தொட்டாலே தெரியுது. வால்பாறைக்குப் புதுசா மாத்தலாகி வர்றீங்களா? குவார்ட்டர்ஸ் பின்னாடி வைக்கவா? வைங்க. மழை ஜாஸ்திதான், இருந்தாலும் வெயில் படற பக்கமா வெச்சா வரும்.

ஆனா வெச்சா மட்டும் போதாது. வெட்டணும். எல்லாரும் ஆசையா வைக்கறாங்க, வெட்ட மனசு வர மாட்டேங்குது. அதான் மரம் கண்டபடி போயி காய்க்காம நிக்குது. இடுப்பு உசரம் வந்துச்சா, நுனியைக் கிள்ளிரணும். கிள்ளினா பக்கத்துல நாலஞ்சு கிளை வெடிச்சு வரும். அதுல மூணை வெச்சுக்கணும். மூணும் மூணு பக்கம் பாத்து இருக்கணும். உள்ள பாத்து வளர்ற கிளை, ஒண்ணை ஒண்ணு உரசுற கிளை, அதெல்லாம் இரக்கப்படாம எடுத்துரணும். மழையில வெட்டக் கூடாது. சாய்ச்சு வெட்டணும், தண்ணி நிக்காம. வெட்டின வாயில மருந்து தடவணும், மருந்து இல்லைன்னா சாணி. இவ்வளவுதான். சின்ன வயசுல கை வெச்சாத்தான் மரம் நம்ம சொன்னபடி கேக்கும், முத்தினப்புறம் வெட்டினா அதுக்கும் வலி, நமக்கும் வலி.

எனக்கு இதெல்லாம் யாரும் காயிதத்துல எழுதிக் குடுக்கலை. முப்பத்தெட்டு வருஷம் எஸ்டேட்டுல கவாத்து வெட்டினவன் நான். தவசின்னு கேட்டுப் பாருங்க, பழைய ஆளுங்க சொல்லுவாங்க. தேயிலைச் செடி இருக்கே, அதை விட்டா பனை மரம் உசரத்துக்குப் போகும். நாலு வருஷத்துக்கு ஒருக்கா முழங்கால் உசரத்துக்கு வெட்டி எறிஞ்சிருவோம். ஒரு இலை இருக்காது. பாக்கறவங்க இந்தக் காடு செத்துப் போச்சும்பாங்க. மூணாம் மாசம் பாருங்க, பச்சைப் பசேல்னு நிக்கும். ஒரு நாளைக்கு நூறு செடி வெட்டுவேன். என் கையில ஒரு செடி செத்ததுன்னு எந்த சூப்பர்வைசரும் சொன்னதில்லை. ஒரு செடி.

அப்பேர்ப்பட்டவனை, ஒரு மாங்கன்னை வெட்டினான்னு வீட்டை விட்டு அனுப்பிட்டாங்க. சிரிக்காதீங்க. நெசமாத்தான் சொல்றேன். மகன் வீட்டுல இருந்துதான் வர்றேன். அட்டகட்டி போற வரைக்கும் நேரம் இருக்கு, கேளுங்க. கேட்டுட்டு நீங்களே நியாயம் சொல்லுங்க. படிச்சவர் மாதிரி இருக்கீங்க.

மகன் பேரு தினகரன். ஆனைமலைப் பக்கம் ஒரு நார் மில்லுல எலக்ட்ரீசியன். நல்ல பையன், என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதில்லை. மருமக பேரு சுகந்தி. அவளும் நல்ல பொண்ணுதான், இல்லைன்னு சொல்ல மாட்டேன். எஸ்டேட்டுல ரிடையர் ஆனா மறு மாசமே வீட்டைக் காலி பண்ணணும். என் சம்சாரம் அதுக்கு முந்தின வருஷமே போயிட்டா. தனியா எங்க போறது, தகரப் பெட்டியையும் கவாத்துக் கத்தியையும் எடுத்துக்கிட்டு மகன் வீட்டுக்கு வந்துட்டேன்.

நான் வந்து சேர்ந்த வாரத்துலதான் சுகந்திக்குக் குழந்தை பிறந்துச்சு. பொம்பளைப் பிள்ளை. பதினோரு நாள் இருந்துச்சு. மூச்சு வாங்குதுன்னு கோயமுத்தூருக்குத் தூக்கிட்டுப் போனாங்க, திரும்பி வரும்போது துணியில சுத்திக் கொண்டு வந்தாங்க. முகம் நல்ல வட்ட முகம், எங்க வீட்டுச் சாடை. அதை விடுங்க.

பிள்ளை போயிருச்சு, பால் போகுமா? அதுக்குத் தெரியுமா பிள்ளை இல்லைன்னு. மார் கட்டிக்கிட்டு அந்தப் பொண்ணு பட்ட பாடு இருக்கே. காய்ச்சல் வேற. பீச்சித்தான் எடுக்கணும். அதைச் சாக்கடையில ஊத்தக் கூடாது, கால் படற இடத்துல ஊத்தக் கூடாது, மரத்தடியில ஊத்தணும்னு அவங்கம்மா சொன்னாங்க. நம்ம பக்கம் எல்லாரும் அப்படித்தான் செய்யறது. வீட்டுக்குப் பின்னாடி ஒரு எலுமிச்சை, ஒரு கொய்யா, ஒரு மாதுளை, அப்புறம் ஒரு மா. செந்தூர மா, ஒட்டுக் கன்னு, சுகந்தி ஏழு மாசமா இருக்கறப்ப தினகரன் நர்சரியில வாங்கிட்டு வந்து வெச்சது. முழங்கால் உசரம்கூட இல்லை அப்போ. சுகந்தி அதோட அடியிலதான் ஊத்தினா. ஒரு எவர்சில்வர் டம்ளர்ல எடுத்துட்டு வருவா, குனிஞ்சு மெதுவா ஊத்துவா, டம்ளரைக் கழுவி அந்தத் தண்ணியையும் அங்கேயே ஊத்துவா. காலையில, மத்தியானம், சாயங்காலம். இருபத்திரெண்டு நாள். நான் பின்வாசப்படியில உக்காந்திருப்பேன், அவ வந்தா முகத்தைத் திருப்பிக்குவேன். மாமனார் பாக்கற விஷயமா அது.

அதனால அந்த மரம் அவளுக்கு என்னன்னு எனக்குத் தெரியாம இல்லை. தெரியாம வெட்டிட்டான் கிழவன்னு யாராவது சொன்னா அது பொய். தெரிஞ்சுதான் வெட்டினேன். நல்லதுக்குத்தான் வெட்டினேன்.

பால் நின்னப்புறமும் அவ அந்த மரத்தை விடலை தம்பி. காலையில எந்திரிச்சதும் அங்க. பாத்திரம் கழுவிட்டு அங்க. ஒரு முக்காலியைப் போட்டு உக்காந்துக்கிட்டு அரிசி புடைக்கறது, கீரை ஆயறது எல்லாம் அங்க. பேசவெல்லாம் மாட்டா, பேசினாக்கூட ஏதோ போகுதுன்னு விட்டிருக்கலாம். சும்மா உக்காந்திருப்பா. ஒரு வருஷம் போச்சு. ரெண்டாவது வருஷமும் போச்சு. வயித்துல அடுத்தது நிக்கலை. அக்கம்பக்கத்துல என்னைக் கேக்கறாங்க, என்னங்க உங்க மருமக மரத்துக்குக் காவல் இருக்கான்னு. எனக்கு எப்படி இருக்கும்?

ஒட்டு மா முதல் வருஷமே பூக்கும். அந்தப் பூவை விடக் கூடாது, இது நான் மட்டும் சொல்றது இல்லை, கன்னு வித்த நர்சரிக்காரனே தினகரன்கிட்ட சொல்லி அனுப்பினான். மூணு வருஷத்துக்குப் பூவைக் கிள்ளிப் போட்டாத்தான் மரம் பலப்படும். முதல் மாசியில ரெண்டு கொத்து வந்துச்சு, நான் கிள்ளிப் போட்டேன். சுகந்தி உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டா, மத்தியானம் வரைக்கும் வெளிய வரலை. தினகரன் சாயங்காலம் வந்து, விட்டுருங்கப்பான்னான். எதை விடச் சொல்றேன்னு கேட்டேன். அவன் குளிக்கப் போயிட்டான். அடுத்த மாசியில அஞ்சு கொத்து. நாலைக் கிள்ளினேன். ஒண்ணு இலைக்குப் பின்னால மறைஞ்சு நின்னு பிஞ்சு பிடிச்சிருச்சு. ஒரே ஒரு பிஞ்சு. அதுக்குச் சுகந்தி பழைய வெள்ளைத் துணியில பை தெச்சு மாட்டிவிட்டா. அணில் தொடாம, காத்துக்கு ஆடாம. நானும் தொடலை. அது பழுத்துச்சு. ஆனி மாசம் ஒரு நாள் அதை அறுத்து தட்டுல வெச்சு முதல் துண்டை எனக்குத்தான் குடுத்தா. இனிப்புதான். கொஞ்சம் நார் இருந்துச்சு, சின்ன மரம் இல்லையா. கிள்ளியிருந்தா அடுத்த வருஷம் இன்னும் நல்லா வரும்னு சொன்னேன். சரிங்க மாமான்னா.

அதுக்கு அடுத்த மாசம், ஆடி. மழை விட்டுப் பத்து நாள் ஆச்சு. சுகந்தி அவங்கம்மா வீட்டுக்கு ஆடிக்குப் போயிருந்தா. தினகரன் மில்லுக்குப் போயிட்டான். நான் எலுமிச்சையில காஞ்சதை எடுத்தேன், கொய்யாவை ஒழுங்கு பண்ணினேன், மாதுளைக்கு அடியில முளைச்ச போத்தையெல்லாம் வெட்டினேன். அப்புறம் மாமரத்துக்கிட்ட வந்தேன். நெஞ்சு உசரம் இருந்துச்சு. கிளை கண்டபடி போயிருந்துச்சு. அவ ஒரு இலையைத் தொட விட்டாத்தானே. ரெண்டு அடி உசரத்துல வெட்டி விட்டா, புதுசா நாலு பக்கம் வெடிக்கும், குடை மாதிரி நிக்கும்னு நினைச்சேன். அவளுக்கும் ஒரு புதுசு வந்த மாதிரி இருக்கும்னு நினைச்சேன். சத்தியமா அதான் நினைச்சேன்.

வெட்டினேன். வெட்டுவாய் கறுத்திருந்துச்சு.

தேயிலையில எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு தம்பி. வெட்டின வாயில கறுப்பு தெரிஞ்சா உள்ள நோவு இருக்குன்னு அர்த்தம். அந்தக் கறுப்பை விட்டு வெச்சா அது வேர் வரைக்கும் இறங்கிச் செடியைத் தின்னுரும். அதனால வெள்ளைக் கட்டை தெரியற வரைக்கும் கீழ கீழ வெட்டிக்கிட்டே போகணும். முழங்கால் உசரத்துல கறுப்பா, இன்னும் ஒரு சாண் கீழ. அங்கயும் கறுப்பா, இன்னும் கீழ. மண்ணு வரைக்கும் போனாலும் சரி. இதைத்தான் முப்பத்தெட்டு வருஷம் செஞ்சேன். இப்பவும் ஒரு விரக்கடை கீழ வெட்டினேன், வெட்டின கொஞ்ச நேரத்துல அதுவும் கறுத்துச்சு. இன்னும் கொஞ்சம் கீழ. அதுவும் கறுப்பு. அடியில ஒரு இடத்துல முண்டு மாதிரி வீங்கி இருந்துச்சு, சரிதான், நோவு அங்கதான் உக்காந்திருக்குன்னு முண்டுக்கும் கீழ எடுத்தேன். ஒரு சாண் கட்டை நின்னுச்சு. கறுக்கறதுக்குள்ள சாணி தடவிட்டேன்.

அப்புறம் வெட்டின கிளையையெல்லாம் கட்டை மேலயே போட்டு மூடினேன். அதுவும் எங்க வழக்கம்தான். கவாத்து முடிஞ்ச செடி மேல அதோட கிளையையே போட்டு மூடிருவோம், வெயில் சுடக் கூடாதுல்ல. அவ்வளவு பக்குவமா செஞ்சேன்.

மூணாம் நாள் சுகந்தி வந்தா. பையை உள்ளகூட வைக்கலை, நேரா பின்னாடி போனா. கிளையெல்லாம் வாடிச் சுருண்டு கெடக்கு. ஒண்ணொண்ணா எடுத்து ஓரமா வெச்சா. ஒண்ணையும் வீசலை. கடைசியில கட்டை தெரிஞ்சுது. அப்படியே உக்காந்துட்டா. நான் போயி, பயப்படாதம்மா, மூணு மாசத்துல எப்படி வருதுன்னு பாருன்னேன். அவ என்னைத் திரும்பிப் பாத்து, "எதுக்கு மாமா?"ன்னா. கோபமாக் கேக்கலை. தெரியாததைக் கேக்கற மாதிரி கேட்டா.

கறுப்பு இருந்துச்சும்மான்னேன். இந்த மாதிரி மரத்தையே பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா அடுத்தது எப்படி நிக்கும்னேன். அது மட்டும் இல்லைம்மா, உங்க அத்தையும் இப்படித்தான்னு சொன்னேன். அவளுக்கு ஆறுதலா இருக்கட்டும்னுதான் சொன்னேன்.

உங்ககிட்டயும் சொல்றேன். தினகரனுக்கு முன்னாடி எங்களுக்கு ஒண்ணு பிறந்து, மாசம் திரும்பறதுக்குள்ள போயிருச்சு. பேச்சியம்மாவும், அதான் என் சம்சாரம், இதே மாதிரி பீச்சி ஊத்தினா. எஸ்டேட்டுல மரத்துக்கு எங்க போறது? எங்க வரிசை வீட்டைப் பாடின்னு சொல்லுவோம், அந்தப் பாடிக்குப் பின்னாடியே தேயிலைக் காடு. முதல் வரிசையில ஒரு செடி. அதோட அடியில ஊத்தினா. அந்த வருஷம் அந்தக் காட்டுக்குக் கவாத்து முறை வந்துச்சு. அந்த வரிசை எனக்கு விழுந்துச்சு. காலையில கத்தியைத் தீட்டிக்கிட்டு இருக்கறப்ப பேச்சி வந்து பக்கத்துல நின்னா. என்னன்னேன். ஒண்ணுமில்லைன்னா. போயி வெட்டினேன். எல்லாச் செடியையும் வெட்டறப்ப ஒரு செடியை மட்டும் எப்படி விடறது? சூப்பர்வைசர் கேட்டா என்ன சொல்றது? மூணாம் மாசம் அது நல்லாத்தான் துளிர்த்துச்சு. அடுத்த வருஷம் தினகரன் பிறந்தான். இதைத்தான் சுகந்திகிட்ட சொன்னேன்.

அவ கேட்டா, "அத்தை என்ன சொன்னாங்க?"

ஒண்ணும் சொல்லலைம்மான்னேன்.

"அப்புறம் எப்பவுமா?"

இது என்ன கேள்வி தம்பி? அதுக்கப்புறம் இருபத்தெட்டு வருஷம் என்கூட இருந்தா. பேசாமயா இருந்தா? அரிசி வந்துச்சா, பையனுக்கு ஃபீஸ் கட்டியாச்சா, தண்ணி சூடா இருக்கு குளிங்க, எல்லாம்தான் பேசினா. ஆஸ்பத்திரியில கடைசியா இருக்கறப்ப ஒரு நாள் மட்டும், அந்தச் செடி இருக்கான்னு கேட்டா. எந்தச் செடின்னேன். ஒண்ணுமில்லைன்னு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. மாத்திரை மயக்கத்துல பேசறான்னு நினைச்சேன். எஸ்டேட்டுல எத்தனை லட்சம் செடி. எதைக் கேட்டாளோ. விடுங்க.

நான் சொன்ன மாதிரியே ஆச்சா இல்லையா? ஒரு மாசத்துல கட்டையில துளிர் வந்துச்சு. சின்னச் சின்னதா, செவப்பா. அந்தச் சமயத்துலதான் சுகந்திக்கும் நாள் தள்ளிப் போச்சு. இப்ப ஆறு மாசம் முடியப் போகுது. வெட்டின அடுத்த மாசம் தம்பி. அடுத்த மாசம். நான் யார்கிட்டயும் சொல்லிக்கலை, சொன்னா பெருமை பேசற மாதிரி இருக்கும். ஆனா உண்மை உண்மைதானே.

வெட்டி மூணு மாசம் இருக்கும், அப்ப பாத்து அந்த நர்சரிக்காரன் வந்தான். மயில்சாமின்னு பேரு. முப்பது வயசு இருக்கும். தினகரன்தான் வரச் சொல்லியிருக்கான். வந்து குனிஞ்சு பாத்தான், இலையைக் கசக்கி மோந்து பாத்தான். ஒட்டு எங்கேன்னான். ஒட்டு மரத்துல எங்க இருக்கும்னு எனக்கு என்ன தெரியும்? நான் பாத்த தேயிலையில ஒட்டுங்கறதே கிடையாது. அப்புறம் அவன் சொல்றான், நீங்க முண்டுன்னு நினைச்சீங்களே, அதுதாங்க பெரியவரே ஒட்டு. அதுக்கு மேலதான் செந்தூரம். கீழ இருக்கறது வெறும் நாட்டு மா, புளிப்பு மா. இப்பத் துளிர்க்கறது முச்சூடும் அதுதான்னான். கறுப்பு இருந்துச்சேன்னேன். மாமரத்துப் பால் காத்துப் பட்டாக் கறுக்குங்க, அது நோவு இல்லைங்கன்னான். மருமக முன்னாடி சொல்றான். மெதுவாத்தான் சொன்னான், இருந்தாலும் அவ முன்னாடி சொன்னான்.

சுகந்தி அந்தத் துளிரையே பாத்துக்கிட்டு நின்னா. அவ முகத்தை என்னால பாக்க முடியலை. நான் சொன்னேன், "பால் குடிச்சது வேர்தானேம்மா. வேர் அப்படியேதானே இருக்கு." வாயில வந்துச்சு, சொன்னேன். அப்பத்தான் நிமிர்ந்து என்னைப் பாத்தா. அந்த மூணு மாசத்துல முதல் தடவை. அப்புறம் மயில்சாமிகிட்ட, இதே வேர்ல மறுபடி செந்தூரத்தை ஒட்டுக் கட்ட முடியுமான்னு கேட்டா. அப்ப, அந்த யோசனை குடுத்தது யாரு? நான்தானே?

முடியும்னு சொன்னான் அவன். உங்க கன்னுக்குக் குச்சி எடுத்த அதே தாய் மரம் என்கிட்ட இருக்குதுங்க, அதுல இருந்தே எடுத்துட்டு வர்றேன். ஆனா இப்ப வேண்டாம், துளிர் பென்சில் கனம் வரட்டும், மாசி பிறந்ததும் வர்றேன்னான். தை மாசம் ஒருக்கா வந்து பாத்தான். ஏழு துளிர் நின்னுச்சு. அதுல ஒண்ணு மட்டும் நல்ல கனமா, அடிக்கட்டையோட சேர்ந்து வந்திருந்துச்சு. இது ஒண்ணுலதாங்க கட்ட முடியும், மத்ததெல்லாம் தோல்ல இருந்து வந்தது, காத்தடிச்சாப் பேந்துக்கும், இதை மட்டும் பத்திரமா பாத்துக்குங்கன்னான். சொல்லிட்டு என் பக்கம் திரும்பி, பெரியவரே, கத்தியை இந்தப் பக்கம் கொண்டு வந்துராதீங்கன்னான். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான். சுகந்தி சிரிக்கலை. உள்ள போயி, அந்தக் குழந்தைக்குத் தெச்ச சட்டையில இருந்து ஒரு நாடாவைப் பிரிச்சுட்டு வந்து அந்தத் துளிர்ல அடையாளமாக் கட்டினா. இந்தக் குழந்தை பிறக்கறதுக்குள்ள அந்த மரம் திரும்ப எந்திரிச்சு நிக்கணும்னா. அதுக்குப் பொறவுதான் நான் ஆஸ்பத்திரிக்கே போவேன்னா. என்ன பேச்சு பாருங்க. வர்ற புதன்கிழமை அவன் வர்றதா ஏற்பாடு.

எனக்குக் கோபம் ஒண்ணும் இல்லை தம்பி. நேத்துப் பிறந்தவன், நாத்து விக்கறவன். கவாத்தைப் பத்தி அவன் எனக்குச் சொல்றான். கோபமெல்லாம் இல்லை.

போன ஞாயித்துக்கிழமை தினகரன் என் பக்கத்துல வந்து உக்காந்தான். தரையைப் பாத்துக்கிட்டே பேசினான். அவளுக்கு ரத்தக் கொதிப்பு ஏறுதாம், டாக்டர் மனசு அமைதியா இருக்கணும்னு சொல்லிட்டாராம், நீங்க பின்னாடி நடமாடறப்பெல்லாம் அவளுக்குப் படபடன்னு வருதாம். பிரசவம் முடியற வரைக்கும் மேல பெரியம்மா பையன் வீட்டுல இருங்கப்பா, நானே வந்து கூட்டிட்டு வர்றேன்னான். பேச்சியோட அக்கா மகனைத்தான் சொல்றான், அவன் இன்னும் எஸ்டேட்டுலதான் இருக்கான், ஒரே ரூம். சரின்னேன். வேற என்ன சொல்ல? அந்தப் பிள்ளையைப் பாக்க எனக்கு ஆசை இருக்காதா? இருக்கற ஒரே ஆசை அதுதான். கூட்டிட்டு வர்றேன்னு சொல்லியிருக்கான், வருவான்.

இன்னைக்கு ஆறரைக்கு பைக்ல கொண்டு வந்து பஸ் ஸ்டாண்டுல விடறேன்னு சொல்லியிருந்தான். நான் விடியும்போதே எந்திரிச்சு, பெட்டியைக் கட்டி வெச்சுட்டு, பின்னாடி போனேன். போறதுக்கு முன்னாடி எல்லா மரத்தையும் ஒரு பார்வை பாக்கலாம்னுதான். கொய்யா தரையைத் தொடற மாதிரி காய்ச்சுத் தொங்குது, என் கை பட்ட மரம். அப்புறம் அங்க போனேன். ஏழு துளிரும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு நெருக்கிக்கிட்டு நிக்குது. மூணு நிக்க வேண்டிய இடத்துல ஏழு. எவனுக்காவது தோணுச்சா, இதைக் கலைச்சு விடணும்னு? இவ்வளவு நாள் அந்த வீட்டுச் சோத்தைத் தின்னிருக்கேன். ஒழுங்கா ஒரு வேலை செஞ்சு குடுத்துட்டுப் போவோம்னு தோணுச்சு.

மூணு பக்கம் பாத்த மாதிரி மூணு நல்ல துளிரை விட்டேன். வெளிய பாத்த துளிர், ஒண்ணை ஒண்ணு உரசாது. மத்த நாலை எடுத்தேன். அந்த நாடா கட்டினது, பாருங்க, கனமா இருந்துச்சுதான், நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா அது உள்ள பாத்து சாஞ்சிருந்துச்சு தம்பி. கட்டைக்கு மேலயே வளைஞ்சு வருது. உள்ள பாத்து வளர்றதை விடவே கூடாது. உங்ககிட்ட மொதல்லயே சொன்னேன்ல. ஆளுக்கொரு சட்டமா வெச்சுக்க முடியும்? கத்தி நல்ல கூர், ஒரே இழுப்பு. வலியே தெரிஞ்சிருக்காது. வெட்டுவாய் கறுக்கறதுக்குள்ள சாணி வெச்சுட்டேன்.

நாடாவைத் தூக்கி எறியலை. அதெல்லாம் தெரியும் எனக்கு. அவிழ்த்து, மடிச்சு, துவைக்கற கல்லு மேல காத்துல பறக்காம ஒரு சின்னக் கல்லை வெச்சுட்டு வந்தேன். அவ எட்டு மணிக்குத்தான் எந்திரிப்பா, இப்ப ராத்திரி தூக்கம் இல்லையாம். எந்திரிச்சதும் பின்னாடிதான் போவா. பாத்திருப்பா இந்நேரம்.

தினகரன் பஸ் ஏத்திவிட்டு ஜன்னல் வழியா என் கையைப் பிடிச்சுக்கிட்டான். உடம்பைப் பாத்துக்குங்கப்பான்னான். கண்ணு கலங்கியிருந்துச்சு. அவன் அப்படித்தான், இளகின மனசு, அவங்கம்மா மாதிரி.

இந்தாங்க, போன் அடிக்குது. என் பைக்குள்ளதான். ஆழியாறு தாண்டறப்பவே ரெண்டு தடவை அடிச்சுச்சு, நான் எடுக்கறதுக்குள்ள நின்னுருச்சு. பேரைப் பாருங்க, தினகரன்தானே? அதான் பாத்தேன். எட்டரை மணிக்கு மில்லுல ஷிஃப்ட், உள்ள போனா போனை வாங்கி வெச்சுருவாங்க. இன்னைக்கு வேலைக்குப் போகலை போல. வீட்டுல இருந்துதான் பேசறான். மேல போயிட்டாரா, சாப்பிட்டாரான்னு கேக்கத்தான் இருக்கும். கோபம் எவ்வளவு நாளைக்கு நிக்கும், அப்பன் இல்லையா நான்.

எனக்கு இந்த இன்ஜின் சத்தத்துல ஒண்ணும் கேக்காது. நீங்களே எடுத்துப் பேசுங்க தம்பி. பச்சையை அழுத்துங்க. அப்பா நல்லா இருக்காரு, பாதி வளைவு ஏறியாச்சுன்னு சொல்லுங்க. சுகந்திகிட்டயும் சொல்லச் சொல்லுங்க, மூணு நல்லதா விட்டிருக்கேன், தண்ணி மட்டும் ஊத்தினாப் போதும்னு.

பேசறானா? என்ன தம்பி, போனைக் காதுல வெச்சுக்கிட்டே கன்னை ஏன் என் கையில இருந்து வாங்கறீங்க? என்ன சொல்றான்?